ஒன்றை ‘கிளாசிக்’ என்று எழுதும் முன்: சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு நாவலையோ படத்தையோ நாற்காலியையோ ‘கிளாசிக்’ என்று எழுதினால், நன்றாக இருக்கிறது என்பதற்கு மேலாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறீர்கள். அது யாருக்காக உருவானதோ அந்த ஆட்கள் போன பிறகும், அவர்களுடைய சூழலும் பழக்கமும் மறைந்த பிறகும், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்திடம் அது எடுபடுகிறது என்கிறீர்கள். எடுபடுகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். ஒரு படைப்புக்கு நாலைந்து மாலைப்பொழுதும், நடுவில் மூன்று வார இடைவெளியும் போதும். மதிப்புரை எழுதுபவர்கள், ‘சிறந்த 100’ பட்டியல் போடுபவர்கள், வாசகர் வட்டத்துக்கு நூலும் திரையிடலுக்குப் படமும் தேர்ந்தெடுப்பவர்கள் ஆகியோருக்கு உதவும் வழிமுறை கீழே.

எந்தப் பொருளில்?

தொடங்கும் முன் எந்தப் பொருளில் சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

சில இடங்களில் அது வெறும் காலப் பெயர். மேற்கத்திய இசையில் கிளாசிக்கல் காலம் என்றால் ஏறத்தாழ 1750 முதல் 1820 வரை. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட சுமாரான சிம்பொனியும் கிளாசிக்கல்தான். வேறு சில இடங்களில் அது விதிப்படி கிடைக்கும் தகுதி. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, வரலாற்று வாகனம் என்று ஏற்பதற்குக் குறைந்தது 30 ஆண்டு வயதும், அசல் நிலையில் பராமரிப்பும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதும் வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் கிளாசிக் கார் கிளப்போ 1915 முதல் 1948 வரையிலான உயர்ரகக் கார்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. இந்திய அரசின் செம்மொழித் தகுதியும் இந்த வகைதான். 2004 அக்டோபரில் தமிழுக்குக் கொடுத்தபோது ஆயிரம் ஆண்டுப் பழமை என்றிருந்த வரம்பு, அடுத்த ஆண்டே 1,500 முதல் 2,000 ஆண்டு என்று மாறியது. 2024 அக்டோபரில் அளவுகோலை மறுபடி திருத்தி மேலும் ஐந்து மொழிகளைச் சேர்த்ததில் மொத்தம் 11. விதி மாறினால் பட்டியலும் மாறும், அவ்வளவுதான். ‘கிளாசிக் தவறு’ என்று பேச்சில் சொல்வது அச்சு அசலான உதாரணம் என்ற பொருளில்; அதற்குச் சோதனை எதுவும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது தர மதிப்பீடு. காலத்தைத் தாண்டி நிற்கிறது, நிற்கத் தகுதியும் இருக்கிறது என்று சொல்வது. இனி வருவதெல்லாம் அதற்கு மட்டும். கட்டுரையில் தவறு நடப்பது பெரும்பாலும் இப்படி: முதல் பத்தியில் காலப் பெயராகத் தொடங்கும், மூன்றாம் பத்தியில் பாராட்டாக மாறியிருக்கும், நடுவில் எந்த ஆதாரமும் வந்திருக்காது.

எத்தனை ஆண்டு பொறுக்க வேண்டும்?

ரோமானியக் கவி ஹொரேஸ் இந்தக் கேள்வியை 2,000 ஆண்டுக்கு முன்பே கேலி செய்திருக்கிறார். நூறு ஆண்டு ஆனால்தான் நல்ல கவி என்றால், ஒரு மாதம் குறைந்தவன் எந்தப் பக்கம்? ஓர் ஆண்டு குறைந்தவன்? குதிரை வாலிலிருந்து ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவது போல அந்த எல்லையைக் கரைத்துக் காட்டினார். இருந்தும் 1765இல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன், வழக்கமாகச் சொல்லப்படும் கெடு என்று அதே நூறு ஆண்டைத்தான் எடுத்துக்கொண்டார். மறுபக்கம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேடு ஆண்டுக்கு 25 படங்களைச் சேர்க்கிறது. ஒரு படம் வெளியாகி 10 ஆண்டு ஆகியிருந்தால் போதும்.

கெடு இவ்வளவு விரிவாக இருக்கும்போது ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை. கெடு எதற்காக என்று பாருங்கள். மூன்று காரியம் நடந்து முடிய அவகாசம் வேண்டும்: விளம்பரம் ஓய வேண்டும், ஆக்கியவரின் செல்வாக்கும் நட்பு வட்டமும் தீர்ப்பைப் பாதிக்காத நிலை வர வேண்டும், அது வந்தபோது பிறந்தே இராத ஒரு தலைமுறை வளர்ந்து கருத்துச் சொல்லும் வயதை எட்ட வேண்டும். கடைசி நிபந்தனையே முக்கியம். நடைமுறைக்கு ஒரு கணக்கு: நாவலுக்கும் கவிதைக்கும் 50 ஆண்டு, படத்துக்கு 30, திரைப்பாடலுக்கும் மெல்லிசைக்கும் 25, நாற்காலி, எழுத்துரு போன்ற வடிவமைப்புக்கு 40, கணினி விளையாட்டுக்கு 15 முதல் 20. தொழில்நுட்பம் வேகமாக மாறும் துறையில் கெடு குறையலாம், ஏனென்றால் அங்கே பழையதை எடுத்துப் பார்ப்பதே சிரமம். சிரமத்தையும் மீறி ஆட்கள் தேடி வந்தால் அதுவே சாட்சி. இவை வேலைக்கான எண்கள். ஐந்தாண்டு முன்னே பின்னே போனால் குடிமுழுகிவிடாது.

கெடு முடிந்தது என்பதால் தகுதி வந்துவிடாது. பழையது எல்லாம் நல்லதும் ஆகாது, இன்று தோன்றியது எல்லாம் தீதும் ஆகாது என்று 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம், சிவப்பிரகாசம் என்ற சைவ சித்தாந்த நூலின் அவையடக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார். நம் பட்டியல் போடுபவர்கள் மேசையில் ஒட்டி வைக்கவேண்டிய வரி.

இங்கே கால் இடறுவது ஏக்கத்தில். பதினைந்து வயதில் கேட்ட பாட்டு நாற்பதிலும் உருக்கும். உருக்குவது பாட்டா, பதினைந்து வயதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே பிரிக்க முடிந்தவர்களிடம் போங்கள். படைப்பு வெளிவந்து பத்தாண்டுக்குப் பிறகு பிறந்த மூன்று முதல் ஐந்து பேரிடம், எதுவும் சொல்லாமல் கொடுங்கள். ‘கிளாசிக்’ என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. வந்தால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், சோதனை கெட்டுவிடும். அவர்களிடம் ‘பிடித்ததா’ என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் போனை எடுத்தார்கள், சிரிக்கக் கூடாத எந்த இடத்தில் சிரித்தார்கள், ஒரு வாரம் கழித்துத் தாங்களாகவே அதைப் பற்றிப் பேச்செடுத்தார்களா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் இரண்டு பேர் பேச்செடுத்தாலே நல்ல அறிகுறி.

காலக்கோடு போடுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம்: வெளியானபோது கிடைத்த வரவேற்பு, கண்ணில் படாமல் போன இடைவெளி, மீண்டு வந்த விதம், இன்றைய நிலை. முதல் பதிப்பின் ஆண்டு, மறுபதிப்புகளின் ஆண்டுகள், எத்தனை பதிப்பகங்கள் போட்டன, எந்த ஆண்டுகளில் அச்சில் இல்லை என்பவை நூலக அட்டவணையிலும் பழைய பதிப்புகளின் முதல் பக்கங்களிலும் கிடைத்துவிடும். படத்துக்கு மறுவெளியீடுகளும் புதுப்பித்த பிரதிகளும். இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். இந்த வழிமுறையில் அதிகம் பலன் தருவது இந்த இரண்டு மணி நேரம்தான்.

எதற்காக இந்தக் கோடு? முதல் கட்டத்து வெற்றியை ஆதாரமாகக் காட்டுவதைத் தடுக்கத்தான். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவல் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வந்தது. ஆசிரியர் 1940இல் இறந்தபோது இரண்டாம் அச்சின் பிரதிகளே இன்னும் விற்காமல் கிடந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சிறு பதிப்புகளில் அதுவும் ஒன்று. 1,50,000க்கும் மேற்பட்ட பிரதிகள் போயின. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்ற அமெரிக்கப் படம் 1946இல் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால், தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் செலவில்லாமல் ஒளிபரப்பித்தான் அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

இந்த இரண்டையும் பார்த்து ‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதிர்ஷ்டம் செய்தது கைக்கு எட்டவைத்ததை மட்டும். அதே படைவீரர் வரிசையில் அச்சான தலைப்புகள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே காலக்கோட்டில் கேட்கவேண்டிய கேள்வி: கைக்கு எட்டவைத்த காரணம் நின்றுபோன பிறகும் அது ஓடியதா? ஓடியது என்றால் பலம் படைப்பினுடையது. பாடத்திட்டத்தில் இருக்கும்வரை ஆண்டுக்கு ஒரு பதிப்பு கண்டு, பாடத்திட்டம் மாறிய ஆண்டிலிருந்து அச்சே ஆகாத நூல் என்றால், பலம் பாடத்திட்டத்தினுடையது.

இடைவெளிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது இன்னொரு பிழை. சங்க நூல்களையும் சிலப்பதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கலித்தொகை 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பில் அச்சேறியது; உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் கொண்டுவந்தார். குறுந்தொகை அச்சாக 1915 ஆயிற்று. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் பொதுவாசகர் கண்ணில் படாமல் கிடந்தவைதான். ஆனால் ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்தவர்கள் இருந்தார்கள், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் வரிக்கு வரி மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1750இல் இறந்தார். பின்வந்த இசையமைப்பாளர் மெண்டல்சன் பெர்லினில் அவருடைய ‘புனித மத்தேயு பாடுகள்’ இசையை மீண்டும் அரங்கேற்றியது 1829இல். அந்த 79 ஆண்டுகளிலும் பாக்கின் விசைப்பலகை இசையைத் தொழில்முறைக் கலைஞர்கள் கைப்பிரதியிலும் பிறகு அச்சிலும் படித்துக்கொண்டேதான் இருந்தார்கள். இடைவெளியில் இப்படிப்பட்ட அடிநீர் ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்: மேற்கோள், உரை, படியெடுப்பு, அதே துறைக்காரர்களின் குறிப்பு. ஒன்றுமே இல்லாமல் திடீரென்று ‘மறைந்திருந்த கிளாசிக்’ என்று ஒன்று முளைத்தால், அதை விற்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாம் வாசிப்பு

குறைந்தது இரண்டு முறை, நடுவில் மூன்று வாரம். முதல் முறை முடிந்ததும் நூலைப் புரட்டாமல் அரைப் பக்கம் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இரண்டாம் முறை முடிந்ததும் அதைப் பார்க்காமல் மறுபடி அரைப் பக்கம். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது சொல்ல வந்ததை முதல் தடவையே சொல்லி முடித்துவிட்டது. நல்ல பொழுதுபோக்காக இருக்கலாம். இரண்டாவது சுருங்கியிருந்தால் திருப்பத்தை நம்பியே ஓடியிருக்கிறது. இரண்டாவது வேறு விஷயங்களைப் பேசினால் மேலே போகலாம்.

வேறு விஷயம் என்றால் எந்த மாதிரி? குறுந்தொகையின் 25ஆம் பாட்டைப் பாருங்கள். கபிலர் பாடியது, ஐந்தே வரி. களவில் கூடிய தலைவன் மணம் பேச வராமல் காலம் கடத்துகிறான். தலைவி சொல்கிறாள்: அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய்த்தால் நான் என்ன செய்ய? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்காலோடு ஒரு குருகும் இருந்தது, அவன் என்னைக் கூடிய அன்று.

முதல் வாசிப்பில் கிடைப்பது கைவிடப்படுவோமோ என்ற பயம். அடுத்த தடவை குருகு கண்ணை உறுத்தும். இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கிறது. இன்னொரு தடவை படித்தால் அந்தக் குருகே தலைவனின் சாயலில் நிற்கும்: சத்தமில்லாமல் காத்திருந்து தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொண்டு போவது. அதற்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி. அந்த நேரத்தில் பறவையின் காலின் நிறமும் பருமனும் அவள் மனதில் எப்படிப் பதிந்தது? அவள் பார்வை எங்கே இருந்தது? பாட்டு விடை சொல்வதில்லை. இவ்வளவும் அந்த ஐந்து வரிச் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன. சூழலைச் சொல்லும் திணை, துறைக் குறிப்பு தவிர வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து வைக்கவேண்டியதில்லை. நீங்கள் ஆதாரமாகக் காட்டவேண்டியது இதைப் போன்ற ஒன்றை. ‘ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதி நிறுத்திவிட்டால், அது எந்த நூலுக்கும் பொருந்தும்.

நீண்ட படைப்பு என்றால் முதல் மூன்றில் ஒரு பகுதியிலிருந்து பத்துப் பக்கம், கடைசி மூன்றில் ஒரு பகுதியிலிருந்து பத்துப் பக்கம், குத்துமதிப்பாகத் திறந்து படித்து ஒப்பிடுங்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ ஒன்று. ஆரவாரமாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. தொடர்கதையாக வந்த நாவல்களில் இது வெளிப்படையாகத் தெரியும்.

பாட்டுக்கு இதே சோதனை வேறு வடிவில்: பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் வெறும் குரலில் பாடும்போது கேளுங்கள். மெட்டு நிற்கிறதா, பதிவின் மினுமினுப்பு மட்டும்தான் இருந்ததா என்று தெரிந்துவிடும். கணினி விளையாட்டில் பழைய திரையின் சிரமத்தையும் விளையாட்டின் விதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1984இல் உருவான டெட்ரிஸில் நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள்தான். எந்தக் கருவிக்கு மாற்றினாலும் விதி அப்படியே வேலை செய்கிறது. பழைய இயந்திரத்தில் ஆடினால் மட்டும்தான் சுவை என்றால் அது ஏக்கத்தின் கணக்கில் சேரும்.

பொருள்களுக்கு, பிரித்துப் பாருங்கள். மிகைல் தோனட் 1859இல் செய்த 14ஆம் எண் நாற்காலி ஆவியில் வளைத்த ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு மரை, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும். எதையாவது எடுத்துவிட்டால் உட்கார முடியாது. எதையாவது சேர்த்தால் எடை கூடுவதுதான் மிச்சம். வடிவமைப்பில் நிலைப்பது பெரும்பாலும் இப்படி, செய்முறையும் பயனும் தோற்றமும் ஒரே விடையில் சேர்ந்த இடத்தில்தான். அழகான ஆனால் அவசியமில்லாத வளைவு அடுத்த பத்தாண்டில் அலுத்துவிடும்.

முன்னால் வந்ததையும் பாருங்கள்

செல்வாக்கு மிகுந்த படைப்புக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு: எல்லோரும் அதைப் பார்த்துச் செய்ததால் அதுவே தேய்ந்த பழசாகத் தெரியும். மருந்து எளிது. அதே ஆண்டிலோ முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ வந்த, அதே வகையைச் சேர்ந்த மூன்று சாதாரணப் படைப்புகளை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். புதிதாக எது நுழைந்தது என்று பத்து நிமிடத்தில் தெரியும். இதைச் செய்யாத இளைய விமர்சகர்கள்தான் ‘எதற்கு இவ்வளவு ஆரவாரம்?’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வரிசையைத் தலைகீழாகப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் முதலில் செய்தது என்பதும் நிலைத்து நிற்பது என்பதும் இருவேறு விஷயம். ‘தி ஜாஸ் சிங்கர்’ 1927இல் வசனத்தை ஒலியோடு இணைத்த முழுநீளப் படம் என்ற வகையில் சினிமா வரலாற்றில் தவிர்க்க முடியாதது. அதை ‘மைல்கல்’ என்று எழுதினால் துல்லியம். இன்று எத்தனை பேர் அதை விரும்பிப் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் வேறு பெயர் வைக்கக் கை தயங்கும்.

யார் சொல்கிறார்கள்?

மூன்று கூட்டத்தாரிடம் தனித்தனியே கேளுங்கள்: அதே துறையில் வேலை செய்பவர்கள், அதைப் படித்து ஆராய்பவர்கள், யாரும் சொல்லாமலே அதை எடுத்துப் பயன்படுத்துபவர்கள். முதல் கூட்டம் மட்டும் கொண்டாடினால் அது கலைஞர்களின் கலைஞன் வகை. இரண்டாவது மட்டும் என்றால் பாடநூல் வகை. மூன்றாவது மட்டும், அதுவும் ஒரு சிறு குழுவின் வெறித்தனமான அன்போடு என்றால் ‘கல்ட்’. மூன்றும் கூடினால் மட்டும் பெரிய சொல்லை எடுங்கள். இரண்டு கூடினால் தயக்கத்தோடு எடுக்கலாம்.

கருத்துக்கணிப்பை எடுத்துக்காட்டும்போது யார் வாக்களித்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழ் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் கணிப்பில் 1952இல் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலிடம். வெளியாகி 11 ஆண்டு ஆகியிருந்த ‘சிட்டிசன் கேன்’ முதல் பத்தில்கூட இல்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து கணிப்பிலும் அதுவே முதல். 2012இல் ‘வெர்டிகோ’. 2022இல் 1975ஆம் ஆண்டுப் படமான ‘ழான் டீல்மன்’. 2012இல் வாக்களித்த விமர்சகர்கள் 846 பேர். 2022இல் 1,600க்கும் மேல். படங்கள் மாறவில்லை, வாக்காளர் கூட்டம் மாறியது. முதலிடத்தை விட்டுவிட்டு, கூட்டம் மாறியும் தொடர்ந்து முதல் இருபதுக்குள் இருப்பவை எவை என்று பார்ப்பதே பயனுள்ள வாசிப்பு.

விருதுகளுக்கு இன்னும் குறைந்த மதிப்பே கொடுக்கலாம். இலக்கிய நோபல் 1901இல் தொடங்கியது, டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடிருந்தார், அவருக்குக் கிடைக்கவில்லை.

பதிப்பகத்தின் முத்திரைக்கு மதிப்பே வேண்டாம். பாடகர் மோரிசியின் தன்வரலாறு 2013இல் வெளியான முதல் நாளே பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் வந்தது. 1985இல் கோகோ கோலா தன் சுவையை மாற்றி, எதிர்ப்புக் கிளம்பி, மூன்று மாதத்துக்குள் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒட்டிய பெயரும் ‘கிளாசிக்’ தான்.

எதிர்வழக்கு

இப்போது எதிர்க்கட்சி வக்கீலாகி ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தப் படைப்பு ஏன் அந்தப் பெயருக்குத் தகுதியற்றது? வலுவான மூன்று காரணம். பலர் இதைச் சடங்காகச் செய்வார்கள், ‘சற்று நீளம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஷேக்ஸ்பியர் மேல் டால்ஸ்டாய் 1906இல் வெளியிட்ட கட்டுரை ‘கிங் லியர்’ நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்துக் கிழிக்கிறது. நாடகம் அதற்குப் பிறகும் மேடையில் இருக்கிறது. அந்த அளவுக்கு அடித்துப் பாருங்கள்.

சாதி, பெண், இனம் பற்றி அந்தக் காலத்துப் பார்வை படைப்பில் இருந்தால் அதையும் இந்தப் பக்கத்தில்தான் எழுத வேண்டும், மறைத்தால் சோதனை பொய். பார்க்க வேண்டியது, அந்தப் பார்வையை எடுத்துவிட்டால் படைப்பில் என்ன மிஞ்சுகிறது என்பதை. சிலவற்றில் அது ஓரமாக ஒட்டியிருக்கும். சிலவற்றில் கட்டடமே அதன்மேல்தான் நிற்கும்.

ஒருவரும் தாக்காத படைப்பும் சந்தேகத்துக்குரியதே. எல்லோரும் கும்பிட்டு எவரும் திறக்காத நூல்கள் அப்படித்தான் இருக்கும். மாறாக, கற்றவர்கள் ஒரே வரிக்கு வேறு வேறு பொருள் சொல்லிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாகப் பழைய வெண்பா சொல்கிறது. மணக்குடவரும் பரிமேலழகரும் பொருளில் மட்டுமல்ல, அதிகாரத்துக்குள் குறள்கள் வரும் வரிசையிலேயே வேறுபடுகிறார்கள்.

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

இதைக் குறிப்பிடாமல் எழுதுவது சிறிய அலட்சியமாகத் தோன்றும், ஆனால் தீர்ப்பையே மாற்றிவிடும். ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் மௌனப் படம் 1927இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டப்பட்டது. 2008இல் புவனோஸ் ஐரிஸில் கிடைத்த பிரதியைக் கொண்டு 2010இல் ஏறத்தாழ முழுமையாக மீட்டார்கள். அதற்கு முன் ‘கதை ஒட்டவில்லை’ என்று எழுதியவர்கள் வெட்டுப்பட்ட படத்தைப் பற்றி எழுதியவர்கள். நூலென்றால் எந்தப் பதிப்பு, சுருக்கமா முழுமையா, மொழிபெயர்ப்பென்றால் யாருடையது என்று ஒரு வரி போடுங்கள். பழந்தமிழ் நூலில் பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது) உள்ள இடத்தை ஆதாரமாகக் காட்டினால், எந்தப் பாடத்தைக் கொண்டீர்கள் என்பதையும்.

வாக்கியத்தை எழுதுவது

இவ்வளவும் முடிந்த பிறகு எழுதப்போவது ஒன்றிரண்டு வாக்கியம்தான். அதில் நான்கு உறுப்பு இருக்கட்டும்: எந்தத் துறையில், எந்தக் கூட்டத்தாருக்கு, எந்த இரண்டு ஆதாரத்தால், எந்த ஒரு குறையோடு. ‘காலத்தால் அழியாத காவியம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக இப்படி: ‘மரச்சாமான் வடிவமைப்பில் தோனட்டின் 14ஆம் எண் நாற்காலி கிளாசிக். 1859இலிருந்து இன்றுவரை தயாரிப்பில் இருக்கிறது. குறைந்த உறுப்புகளில் பிரித்து அனுப்பும் முறைக்குப் பின்வந்தவர்கள் அதையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். கை வைக்க இடமில்லாததால் நீண்ட நேரம் உட்கார ஏற்றதல்ல.’ இதை யாரும் மறுக்கலாம். மறுக்க முடிகிற மாதிரி எழுதியதால்தான் அதற்கு மதிப்பு.

கெடு முடியாத புதிய படைப்பு என்றால் ‘உடனடி கிளாசிக்’ என்று எழுதாதீர்கள். ‘இந்த ஆண்டின் சிறந்த நாவல், முப்பது ஆண்டுக்குப் பிறகும் படிக்கப்படும் என்று நினைக்கிறேன், காரணம் இது’ என்று எழுதினால் நேர்மையும் கெடாது, துணிச்சலும் குறையாது. ஊகத்தை ஊகம் என்றே சொல்லிவிட்டால் பின்னால் அது பொய்த்தாலும் வெட்கமில்லை.

சோதனையில் பாதி தேறி பாதி தேறாதவற்றுக்கு வேறு சொற்கள் கைவசம் இருக்கட்டும். பெரிய வரவேற்பு, குறுகிய ஆயுள்: ‘அந்தக் காலத்து வெற்றி’. முதல் முயற்சி: ‘மைல்கல்’. சிறு குழுவின் செல்லம்: ‘கல்ட்’. தரம் உண்டு, ஆனால் கைக்கு எட்டவில்லை: ‘மறுபதிப்புக்குரியது’. இந்தக் கடைசிச் சொல் விமர்சகர்கள் அதிகம் பயன்படுத்தாதது, ஆனால் பதிப்பாளர் ஒருவர் கண்ணில் பட்டால் வேலை செய்யக்கூடியது. எழுதும்போது நூலின் தற்போதைய நிலையையும் சேர்த்து எழுதுங்கள்: கடைசிப் பதிப்பு எந்த ஆண்டு, யார் போட்டது, எந்த நூலகத்தில் படிக்கக் கிடைக்கிறது.

குறிப்புத் தாளையும் காலக்கோட்டையும் தேதி போட்டு வைத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்து அதே பட்டியலைத் திருத்தும்போது, பழைய தீர்ப்பை மூடி வைத்துவிட்டு இரண்டாம் வாசிப்பையும் இளையவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதையும் மட்டும் மறுபடி செய்தால் போதும். மற்றவற்றில் புதிதாக வந்திருக்கும் மறுபதிப்புகளையும் எதிர்விமர்சனங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.